அடி விழாமல் வீங்கிய கன்னம்

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு இவளை ஜட்ஜ் முன்னாடி நிறுத்தப் போறேன். அதுக்குள்ள என்ன கேக்கணுமோ கேட்டுக்கோங்க," என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட்டை டீயில் தோய்த்தார். பாதி பிஸ்கட் முறிந்து டீக்குள் மூழ்கியது. கையிலிருந்த கொலைக் கேஸைவிட அதுதான் அவருக்குப் பெரிய இழப்பாகத் தெரிந்தது.

எங்கள் மேடத்துக்கு ஊரார் வைத்த பெயர் ஊசி. ஏன் என்று கேட்பவர்களை அவரிடம் ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கச் சொல்வேன். போனவர்கள் குத்து வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில், செத்துப்போனதாகக் கணக்குக் காட்டிவிட்டு உயிரோடு உலாத்திக்கொண்டிருந்த பல பேரைத் தேடிப் பிடித்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார், நான் அவருக்கு உதவியாள். ஊசி போகிற இடத்துக்கு நூலும் போகவேண்டும் என்பதால் என் பெயர் நூல்.

லாக்கப்பில் தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள் அந்த நர்ஸ். இருபத்து மூன்று வயது. கீழுதடு வெடித்திருந்தது.

"உதட்டுல என்னாச்சு?" என்றார் ஊசி.

நர்ஸ் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர்தான் சொன்னார். "கதவுல இடிச்சுக்கிட்டா."

"உங்க ஸ்டேஷன் கதவுக்குக் கையெல்லாம் முளைச்சிருக்கு போல," என்றேன். அவர் என்னை முறைத்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த சாலைப் பாதுகாப்பு போஸ்டரை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். செத்துப்போனவர் ஒரு பழைய டிவி நடிகர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்ப சீரியலில் கண்டிப்பான அப்பாவாக நடித்தவர். 'மீசை அப்பா' என்றால் அன்றைக்குத் தெரியாத வீடு கிடையாது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு கட்டிலே கதி. வாய் கோணிப்போனாலும் குரல் மட்டும் கோணவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நேற்று மத்தியானம் யாரோ அவர் முகத்தில் தலையணையை வைத்து அழுத்தியிருக்கிறார்கள்.

அந்தச் சீரியலைத்தான் இப்போது தினமும் மூன்று மணிக்கு மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேற்று டைட்டில் பாட்டு ஆரம்பிக்கும்போது நர்ஸ் மாத்திரை வாங்கக் கிளம்பினாள். தெருமுனை மருந்துக்கடையில் இருந்த டிவியில் சீரியல் முடிகிறவரை நின்று பார்த்ததாகச் சொல்கிறாள். அவள் திரும்புவதற்குள் பெரியவரின் மகன் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போய், அப்பா செத்துக் கிடப்பதைப் பார்த்துக் கூச்சல் போட்டிருக்கிறான். பெரியவர் செத்தது மூன்று மணிக்கு முன்னாலா பின்னாலா என்று அத்தனை துல்லியமாகச் சொல்ல டாக்டரால் முடியவில்லை.

"எதிர் வீட்டு டீச்சர் ஒரு சத்தம் கேட்டாங்களாமே?" என்றார் ஊசி.

"ஆமா. பெரியவர் குரல். 'இன்னையிலேர்ந்து நீ எனக்குப் புள்ளையே இல்ல, வெளிய போடா!' அப்படின்னு. அவர் உயிரோடதான் கத்தறார்னு டீச்சர் நினைச்சுட்டாங்க. மகன்தான் விளக்கினான். அவன் கதவைத் திறந்தப்போ டிவியில அந்த வசனம் ஓடிக்கிட்டிருந்துச்சாம். நேத்து போடப்போறது அந்த எபிசோட்தான்னு முந்தின நாளே என் வீட்டம்மாவும் சொன்னா. டிவியில அப்பா கத்தறார், கட்டில்ல அப்பா செத்துக் கிடக்கறார். கதவு பூட்டியே இருந்துச்சு, அப்போ இவ கிளம்பின மூணு மணிக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிருக்கு. முன்னாடி அங்க இருந்தது இவ ஒருத்தி." இன்ஸ்பெக்டர் ஸ்பூனால் பிஸ்கட்டைத் தேடினார். "ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு மேடம்."

ஊசி லாக்கப் கம்பிக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கடையில சீரியல் பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம்."

"கதையைச் சொல்லு."

"கதை கேக்கவா வந்தீங்க?" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

"உங்க கதையைக் கேட்டாச்சு. இவ கதை அதைவிட நல்லாருக்கான்னு பாக்கறேன்."

நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆரம்பித்தாள். "அந்தக் குட்டிப் பையன் அப்பாவோட ரேடியோவைக் கீழ போட்டு உடைச்சிடுவான். அம்மா ஒளிச்சு வைப்பாங்க. அப்பா ஆபீஸ்லேர்ந்து வந்து வாசல்ல ஷூவைக் கழட்டுவார். உடனே மழை மேடம். பையன் பஸ் ஸ்டாப்ல தனியா நனைஞ்சுக்கிட்டு நிப்பான். கன்னம் இவ்ளோ பெருசா வீங்கியிருக்கும்."

"ஏன் வீங்குச்சு?"

"எனக்கும் புரியல மேடம். மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். பல்வலியா இருக்கும்னார்."

"நல்லவேளை, டிவிக்குள்ள கையை விட்டு மாத்திரை குடுக்காம இருந்தாரே," என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் வெளிச்சம். "மாட்டிக்கிட்டா! ஷூ கழட்டினதும் மழையாம்ல! நடுவுல அப்பா விடற அந்த அறை எங்கடீ போச்சு? அந்தச் சீரியல்ல பார்க்கறதே அந்த ஒரு அறையைத்தான். நான் எட்டாவது படிக்கறப்ப எங்க தெருவே அன்னைக்கு அழுதது. அப்பா உள்ள வருவார், உடைஞ்ச ரேடியோவைப் பார்ப்பார், பளார்! அப்புறம்தான் 'நீ எனக்குப் புள்ளையே இல்ல'. இவ கடையில நிக்கவே இல்ல மேடம். எவனோ சொன்ன கதையை ஒப்பிக்கறா. கடைக்காரனும் சேர்ந்து பொய் சொல்றான்."

"சத்தியமா அப்படி ஒரு அறை வரவே இல்ல சார்," என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள் நர்ஸ். பாவம், அவள் அழ அழ இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது.

ஊசி ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்தார். "நூல், வண்டியை எடு."

*

சேனல் ஆபீஸில் எடிட்டிங் ரூம் என்பது ஜன்னலே இல்லாத ஒரு பொந்து. உள்ளே குளிர், வெளியே செருப்பு. எடிட்டருக்கு ஆபீஸில் கத்தரி என்று பெயராம். ஒல்லியாக, தூக்கம் கெட்ட கண்ணோடு இருந்தார். பழைய சீரியல்களை மறு ஒளிபரப்புக்குத் தயார் பண்ணுவது அவர் ஒருத்தர்தான்.

"முதல்ல போனப்போ இருந்த அளவு விளம்பரமா இப்போ? மூணு பங்கு. அதே அரைமணிக்குள்ள அதையும் அடைக்கணும், சீரியலையும் அடைக்கணும். நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம் நான் பிடுங்கியாகணும்," என்றார் கத்தரி.

"எதைப் பிடுங்குவீங்க?" என்றார் ஊசி.

"டைட்டில் பாட்டுல பாதி. போன எபிசோட்ல என்ன நடந்ததுங்கறது முழுக்க. அப்புறம் சும்மா நடக்கறது, மாடி ஏறறது, ஜன்னல் வழியா வெறிக்கறது."

"அதான் எங்க பெரியம்மா கேட்டுக்கிட்டே இருப்பாங்க," என்றேன். "கதாநாயகி கீழ அழுதுக்கிட்டிருந்தா, கண்ணைத் துடைக்கறதுக்குள்ள மாடியில முளைச்சிட்டாளேன்னு. லிஃப்ட் இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கத்தரி சிரிக்கவில்லை. நேற்றைய எபிசோடைத் திரையில் ஓட்டினார். பையன் ரேடியோவை உடைத்தான். அம்மா முந்தானையில் மறைத்தாள். மீசை அப்பா வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினார். மழை. பஸ் ஸ்டாப். வீங்கிய கன்னம்.

அறை இல்லை. வசனமும் இல்லை. நர்ஸ் சொன்னது ஒரு புள்ளி பிசகாமல் அப்படியே இருந்தது.

எனக்கு மண்டையில் மணி அடித்தது. "மேடம்! டிவியில அந்த வசனமே வரலன்னா, டீச்சர் கேட்டது..."

"இரு," என்றார் ஊசி. எடிட்டர் பக்கம் திரும்பினார். "மாடி ஏறறதை வெட்டறீங்க, சரி. ஊரே உட்காந்து பாக்கற சீனை எந்தக் கசாப்புக்காரனும் வெட்டமாட்டான். விளம்பரக்காரனே விடமாட்டான். இதை யார் வெட்டச் சொன்னது?"

கத்தரி மௌஸை வீணாக நகர்த்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். ரூமுக்குள் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் வெளியே போய்ப் பேசினேன்.

"தம்பி, உங்க மேடத்துகிட்டச் சொல்லிடு. ஜட்ஜ் சீக்கிரம் கிளம்பறாராம். நாலு மணிக்கே இவளைக் கூட்டிட்டுப் போறேன். மருந்துக்கடைக்காரனையும் தூக்கிட்டு வர ஆள் அனுப்பியாச்சு."

"சார், அந்த அறை நேத்து டிவியில வரவே இல்ல. சேனல்லேயே பார்த்துட்டோம்."

 "அதெப்படி வராம இருக்கும்?" என்றார், தன் சொத்தை யாரோ ஆட்டையைப் போட்டுவிட்ட குரலில்.

"பெரியவர் வீட்டுக்கு வாங்க. நேர்ல பாருங்க."

நான் திரும்பி வந்தபோது ஊசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சும்மா இருந்து நான் பார்த்தது குறைவு. கத்தரி எபிசோடை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். காரில் ஏறியபிறகு நான்தான் பேசினேன்.

"டிவியில வராத வசனத்தை டீச்சர் கேட்டிருக்காங்கன்னா, அதைச் சொன்னது பெரியவரேதான். அப்போ நர்ஸ் போன பிறகும் அவர் உயிரோட இருந்திருக்கார். அவர் 'வெளிய போடா'ன்னு சொன்னது..."

"நர்ஸைப் போடான்னு சொல்லமாட்டார்," என்றார் ஊசி.

"மகன்!"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"வெட்டச் சொன்னது யாருன்னு எடிட்டர் சொன்னாரா மேடம்?"

"சொன்னார்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

மகனுக்கு நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். வெள்ளைச் சட்டை, ஒழுங்காக வாரிய தலை. அப்பா செத்த வீட்டில் எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். கட்டிலை மடக்கி மூலையில் சாய்த்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"அந்த நர்ஸுக்குத் தூக்குத் தண்டனை கிடைக்குமா சார்?" என்றான் மகன்.

"அதை அப்புறம் பேசலாம்," என்றார் ஊசி. "நீங்க கதவைத் திறந்தப்போ என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவை சொல்லுங்க. வயசாயிடுச்சு, எனக்கு எதுவும் சட்டுனு ஏறமாட்டேங்குது."

"திறந்தேன். டிவி சத்தமா ஓடிக்கிட்டிருந்துது. அப்பா குரல். 'நீ எனக்குப் புள்ளையே இல்ல, வெளிய போடா.' கட்டில் பக்கம் பார்த்தா அவர் மூஞ்சி மேல தலையணை."

"வசனம் மட்டும்தான் கேட்டுச்சா? அதுக்கு முன்னாடி அடிக்கற சத்தம்?"

"கேட்டுது."

"நல்லாவே?"

"நல்லாவே கேட்டுது. அந்த அறையை நான் எப்படி மறப்பேன்? வாங்கினவனே நான்தானே."

நான் அவனையே பார்த்தேன். அப்போதுதான் அந்த முகம் பிடிபட்டது. பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டு நின்ற பையன் இவன்தான். சொந்த அப்பாவுக்கே மகனாக நடித்திருக்கிறான்.

"சீரியலைத் திரும்பப் போடறாங்களே, பார்க்கறதுண்டா?"

"ஒரு நாள்கூட இல்ல. அந்தப் பாட்டு கேட்டாலே எழுந்து போயிடுவேன். அப்பாவைக்கூடக் காலையிலதான் வந்து பார்ப்பேன். மூணு மணிக்கு இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டேன்."

"நேத்து மட்டும் மூணு மணிக்கு வந்திருக்கீங்க."

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

ஊசி பென் டிரைவை என்னிடம் நீட்டினார். ஹாலில் இருந்த டிவியில் செருகினேன். ரேடியோ உடைந்தது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாரு," என்றார் ஊசி. மரியாதை போய்விட்டது.

"வேணாம் மேடம்."

"பாருன்னு சொன்னேன்."

அவன் பார்த்தான். மீசை அப்பா வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றியபோது, நாற்பது வயது ஆள், கடை முதலாளி, கையைத் தூக்கித் தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டான். அவனுக்கே தெரியாமல் அந்தக் கை போனது. 

டிவியில் மழை கொட்டியது.

பொத்திய கையை எடுக்காமல் அவன் கேட்டான். "எங்க?"

"இல்ல," என்றார் ஊசி. "நேத்தும் இல்ல. நீ நல்லாவே கேட்ட அறையும் வசனமும் டிவியில வரவே இல்ல. டீச்சர் கேட்டது நிஜக் குரல். அதைக் கேட்ட இன்னொரு ஆள் நீ. உன் பக்கத்துல அப்போ உயிரோட இருந்தார் உங்கப்பா."

இன்ஸ்பெக்டர் டிவியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். ஊரே அழுத சீனைக் காணவில்லை என்பது அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

மகன் தரையில் உட்கார்ந்தான். ஒரு ராத்திரி முழுக்க நர்ஸ் உட்கார்ந்திருந்த மாதிரியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு பேச ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை.

"அது நடிப்பு இல்ல மேடம். டைரக்டர் என் அழுகை பத்தலன்னார். அப்பா நிஜமாவே அடிச்சார். பத்தலன்னாங்க. மறுபடி அடிச்சார். வீக்கத்துக்கு மேக்கப் போடவே இல்ல, அது என் கன்னம். முடிஞ்சதும் எல்லாரும் கைதட்டினாங்க. அவரும் கும்பிட்டார். மறுநாள் ஸ்கூல்ல பசங்க வரிசையா வந்து அந்த வசனத்தைச் சொல்லி அடிச்சாங்க. வாத்தியாரு சிரிச்சுக்கிட்டு நின்னாரு. இன்னைக்கும் கடைக்குக் கண்ணாடி வாங்க வர்றவன் கேக்கறான், அந்த அறை நெஜமா சார்னு. முப்பது வருஷமா அந்தாள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கல."

"நேத்து?"

"நேத்து போன் பண்ணினார். மூணு மணிக்கு வா, என்கூட உட்காந்து சீரியல் பாருன்னார். என்ன திமிர் பாருங்க! அது எந்த எபிசோட்னு எனக்குத் தெரியும். சண்டை போடத்தான் வந்தேன். டிவிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். அவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தக் கோண வாயால சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே அந்த வசனத்தை அப்படியே சொன்னார், அதே குரல்ல. சாகப்போற நேரத்துலகூட என்னை வெச்சு விளையாடறார்னு தோணுச்சு. அப்புறம் என் கை என் பேச்சைக் கேக்கல."

"அந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டது மட்டும் உன் பேச்சைக் கேட்டுத்தானே நடந்துச்சு?" என்றார் ஊசி.

 இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "அவளை விட்டுடுங்கப்பா. ஆமா, இப்பவே. கடைக்காரனையும் தொடாதீங்க. ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்புங்க." உடைந்த உதட்டுக்கு ஒரு டீ. அவ்வளவுதான் அவர் கொடுத்த நஷ்ட ஈடு.

விலங்கை எடுத்தார். வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று நான் கார் சாவியைத் தேடினேன். ஊசி நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"அந்த சீனை யார் வெட்டச் சொன்னதுன்னு கேக்கமாட்டியா?" என்றார் அவனிடம்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"போன வாரம் உங்கப்பா எடிட்டருக்குப் போன் பண்ணியிருக்கார். அந்த அறையை எடுத்துடுங்க, அதுல என் புள்ளையை நெஜமா அடிச்சேன்னு சொல்லியிருக்கார். உங்களை ஜனங்க ஞாபகம் வெச்சிருக்கறதே அந்த ஒரு சீனுக்காகத்தான் சார்னு எடிட்டர் மறுத்திருக்கார். மறக்கட்டும்னாராம். அது இல்லாம ஒரே ஒரு தடவை என் புள்ளையோட உட்காந்து பாக்கணும்னு அழுதாராம். எடிட்டர் மேலிடத்துக்குத் தெரியாம வெட்டிக் குடுத்தார்."

"பொய்," என்றான் மகன்.

"நீதான் ஒத்துக்கிட்டியே, இனிமே உன்கிட்ட நான் எதுக்குப் பொய் சொல்லணும்? அது வரலங்கறதை உனக்குக் காட்டத்தான் கூப்பிட்டார். மழை வந்ததும் சந்தோஷத்துல சிரிச்சார். நீ திரும்பிக்கூடப் பாக்கல. எது வரலன்னு உனக்குச் சொல்லணும் இல்ல? அதுக்குத்தான் முதல்ல அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டினார்."

"மேடம், போதும்," என்றேன்.  அந்தப் பெண்ணின் உதட்டை நான் மறக்கவில்லை. ஆனாலும் தரையில் கிடந்தவனை அந்த நேரத்தில் என்னால் பார்க்க முடியவில்லை.

மகன் முழங்காலால் நகர்ந்து வந்து ஊசியின் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டான். "அந்த வசனத்தைச் சொல்லிட்டு வாயை மறுபடி அசைச்சார் மேடம். நான் பார்த்தேன். தலையணைக்கு அடியிலகூட ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தார். எடிட்டர்கிட்ட ஏதாவது சொல்லியிருப்பார் இல்ல? அவர் என்கிட்ட என்ன சொல்ல வந்தார்?"

ஊசி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது. அது தெரிஞ்சவர் ஒருத்தர்தான் இருந்தார். அவரைத்தான் நீ பேசவிடலையே," என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினார்.